போனும் கையுமாக இருக்கும் மாணவர்களைப் பாடத்துக்குள் கொண்டுவருவது: புதிய ஆசிரியர்களுக்குப் படிப்படியாக

வகுப்பில் போனை வைத்து நான் நடத்திய முதல் பாடத்தில் பாடமே நடக்கவில்லை. 45 நிமிட பீரியட், 42 பிள்ளைகள், ஒரு வினாடி வினா ஆப். டவுன்லோட் ஆவதற்கே பத்து நிமிடம் போனது. கணக்குத் திறக்க மின்னஞ்சல் கேட்டது. பாதிப் பேருக்குத் தங்கள் பாஸ்வேர்ட் நினைவில்லை. இருபது பேர் சேர்ந்ததும் பள்ளி வைஃபை படுத்துவிட்டது. ஒருவழியாக மூன்றாவது கேள்விக்கு வந்தபோது மணி அடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஓர் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "படிக்கத்தான் அனுப்புறோம் டீச்சர், நீங்களே போனைக் கையில குடுக்கிறீங்களாமே?" மதியம் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?" என்றார். காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது வாரத்தில் ஒன்றிரண்டு பாடம் இப்படித்தான் போகிறது, சலசலப்பில்லாமல். நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். நான் அறிவியல் எடுக்கிறேன், அதனால் உதாரணங்கள் அங்கிருந்து வரும். நடைமுறை எந்தப் பாடத்துக்கும் ஒன்றுதான். ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்த நாளிலிருந்து முதல் பாடம் நடக்கும்வரை நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று வாரத்தைக் காகிதங்களே விழுங்கிவிடும்.

1. பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன தெரியும் என்று கேளுங்கள் (முதல் வாரம், அரை பீரியட்)

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?" என்று எல்லோரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். என் வகுப்பில் ஒரு பையன், வீடியோவை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவான். அவனிடமே அந்த வீடியோவை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பச் சொன்னேன். "இணைக்கிறதுன்னா எப்படி டீச்சர்?" என்றான். கோப்புக்குப் பெயர் வைப்பது, அதை எங்கே சேமித்தோம் என்று தேடி எடுப்பது, பாஸ்வேர்டைப் பத்திரமாக வைப்பது, தேடிக் கிடைத்த பத்து முடிவுகளில் எதை நம்பலாம் என்று பார்ப்பது, இதிலெல்லாம் பெரும்பாலான பிள்ளைகள் கற்றுக்குட்டிகள்தான். அவர்களுக்குப் பழக்கம் இருப்பது தங்களுக்குப் பிடித்த நான்கைந்து ஆப்களில்.

ஆகவே ஒரு தாள் கொடுங்கள். ஆன்லைன் படிவம் வேண்டாம். இணைய வசதி இல்லாத பிள்ளையைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, ஆன்லைன் படிவம் அந்தப் பிள்ளையைத்தான் தவறவிடும். கேள்விகள் ஏழெட்டு போதும்: வீட்டில் போன் இருக்கிறதா, அது உன்னுடையதா அல்லது கேட்டு வாங்குவதா, எந்த நேரத்தில் கிடைக்கும், டேட்டா மாதக் கடைசி வரை வருகிறதா, கணினியைத் தொட்டிருக்கிறாயா, ஒரு கோப்பைச் சேமித்துத் திரும்ப எடுக்கத் தெரியுமா, வகுப்பில் மற்றவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுக்க உன்னால் முடியும்.

கடைசிக் கேள்விதான் தங்கம். உங்களுக்கு வேண்டிய உதவியாளர்கள் அதில்தான் கிடைப்பார்கள்.

2. கருவியைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

நான் செய்த பெரிய தப்பு இதுதான். நல்ல ஆப் ஒன்று கிடைத்தது, அதற்கு ஒரு பாடத்தைத் தேடினேன். தலைகீழாகச் செய்யுங்கள். எந்தப் பாடத்தில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்களோ அதை எடுங்கள். பிறகு உங்களையே கேளுங்கள்: இதைக் கரும்பலகையிலோ ஒரு பொருளைக் கையில் கொடுத்தோ இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

என் அனுபவத்தில் கருவி தன் சோற்றுக்கு உழைப்பது நான்கு இடங்களில்தான். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும்போது: மின்னோட்டம், மூலக்கூறு, கோள்களின் சுற்று. வாய் திறக்காத பிள்ளையிடமிருந்தும் ஒரே நேரத்தில் பதில் வாங்கும்போது. எதையாவது அளக்கும்போது. பிள்ளைகள் ஒன்றைப் படைத்துத் திருத்தித் திருத்தி மெருகேற்றும்போது.

அளப்பதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தரும் ஃபைபாக்ஸ் என்ற இலவச ஆப், போனில் உள்ள உணரிகளை ஆய்வுக்கருவியாக்கிவிடும். அதில் சத்தத்தைக் கேட்டு ஓடும், சத்தத்தைக் கேட்டு நிற்கும் ஸ்டாப்வாட்ச் ஒன்று இருக்கிறது. இரண்டு போன்களை 5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். முதல் போன் பக்கத்தில் ஒருவர் கைதட்ட, இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கும். அப்புறம் இரண்டாவது போன் பக்கத்தில் இன்னொருவர் தட்ட, இரண்டும் நிற்கும். இரண்டும் காட்டும் நேரத்தில் ஒரு சிறு வித்தியாசம் இருக்கும், சுமார் 0.03 வினாடி. ஒலி 10 மீட்டர் போக எடுத்துக்கொண்ட நேரம் அது. வகுத்துப் பார்த்தால் ஒலியின் வேகம் கையில் வந்துவிடும். பாடப்புத்தகத்தில் இருக்கும் எண்ணை வராந்தாவில் தாங்களே எடுத்துவிட்டோம் என்று தெரிந்தபோது என் பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெறும் இரண்டு போன்கள்தான் தேவைப்பட்டன என்பதையும் கவனியுங்கள்.

பாடப்புத்தகப் பக்கத்தை ஸ்லைடாக மாற்றித் திரையில் போடுவது இந்த நான்கிலும் வராது. அது இருட்டறையில் தூங்க வைக்கும் வேலை.

3. காகிதங்களைத் தயார் செய்யுங்கள் (முதல் மூன்று வாரம்)

எல்லோரும் தாண்டிப் போக நினைக்கும் படி இது. தாண்டினால் மாட்டிக்கொள்வீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பள்ளிக்குள் போன் கொண்டுவரவே தடை இருக்கிறதா என்று பாருங்கள். பல நாடுகளிலும் பல பள்ளிகளிலும் இருக்கிறது. விதிகள் அடிக்கடி மாறவும் செய்கின்றன. போன வருடச் சுற்றறிக்கையை நம்பாமல், நடப்பில் இருப்பதை அலுவலகத்தில் கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தடை இருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். 5ஆம் படியில் பிள்ளைகள் கையில் போனே இல்லாமல் நடத்தும் வழி இருக்கிறது, அதிலேயே தொடங்கலாம்.

தலைமையாசிரியரின் அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். வராந்தாவில் நின்று "சரி, செய்யுங்க" என்று சொன்னது அனுமதி ஆகாது. கடிதத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குங்கள். எந்த வகுப்பு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரத்தில் எந்த பீரியட், எந்தெந்த ஆப், மற்ற நேரத்தில் போன்கள் எங்கே இருக்கும், தொலைந்தாலோ உடைந்தாலோ யார் பொறுப்பு, இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். கடைசி விஷயத்தை விட்டுவிட்டுத்தான் நான் ஒரு முறை விழி பிதுங்கி நின்றேன். ஒரு பெண்ணின் போன் கீழே விழுந்து திரையில் கீறல். அவள் வீட்டிலும் பள்ளியிலும் மாறி மாறி என்னைத்தான் பார்த்தார்கள்.

அடுத்தது பெற்றோர் ஒப்புதல் படிவம். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் வாங்கப் பார்க்காதீர்கள். மூன்று தனித்தனிக் கட்டங்கள் போடுங்கள்: வகுப்பில் ஆசிரியர் முன்னிலையில் போன் பயன்படுத்தலாம், கீழே உள்ள ஆப்களில் பிள்ளையின் பெயரில் கணக்குத் திறக்கலாம், வகுப்பில் எடுக்கும் படமோ வீடியோவோ வகுப்புக்குள் மட்டும் காட்டப்படலாம். ஒவ்வொன்றுக்கும் நேராக "சம்மதம்", "சம்மதமில்லை" இரண்டும் இருக்கட்டும். அடியில் இந்த ஒரு வரியைச் சேருங்கள்: "சம்மதம் தராவிட்டாலும் உங்கள் பிள்ளைக்கு அதே பாடம் வேறு வழியில் நடத்தப்படும், மதிப்பெண் குறையாது." இதைச் சேர்த்த வருடம் படிவங்கள் சீக்கிரம் திரும்பி வந்தன. எப்படியும் இரண்டு வாரம் பிடிக்கும். முதல் மூன்று நாளில் பாதி வரும், மீதியைத் துரத்தித்தான் வாங்க வேண்டும். பெற்றோர் கூட்டம் பக்கத்தில் இருந்தால் அன்றைக்கே கையில் கொடுத்து வாங்கிவிடுவது உத்தமம்.

மூன்றாவது, ஆப் பட்டியல். நான்கு விவரங்கள் போதும்: பெயர், குறைந்தபட்ச வயது, கணக்கு வேண்டுமா, என்ன தகவல் கேட்கிறது. வயதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். குழந்தைகளின் தகவல் பற்றிய அமெரிக்கச் சட்டம் ஒன்றை ஒட்டிப் பெரும்பாலான இணைய சேவைகள் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தாங்களாகக் கணக்குத் திறக்க விடுவதில்லை. 11 வயதுப் பிள்ளை பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு உள்ளே போய்விடும்; வகுப்பில் உங்கள் கண் முன்னால் அப்படி நடந்தால், பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தவர் நீங்கள். கீழ் வகுப்புகளுக்குக் கணக்கே கேட்காத கருவிகளை மட்டும் எடுங்கள். மேல் வகுப்புகளிலும் அதுதான் நிம்மதி.

நான்காவது காகிதம் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதுவது. வகுப்பு ஒப்பந்தம் என்று நாங்கள் சொல்வோம். ஐந்து விதிக்கு மேல் வேண்டாம், தண்டனையையும் அவர்களே சொல்லட்டும். நம்மைவிடக் கடுமையாகச் சொல்வார்கள், நீங்கள்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வகுப்பறை அலமாரியில் வையுங்கள்.

4. செலவு: "இலவசம்" என்ற சொல்லைச் சந்தேகப்படுங்கள்

பெரும்பாலான வகுப்பறை ஆப்களில் இலவசத் திட்டம் ஒன்று இருக்கும். எத்தனை பேர் சேரலாம், எத்தனை கேள்வி போடலாம், எத்தனை பலகை திறக்கலாம் என்பதில் கை வைத்திருப்பார்கள். இந்த வரம்புகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. போன வருடம் நன்றாக ஓடிய பாடம் இந்த வருடம் இருபதாவது பிள்ளையோடு கதவைச் சாத்திவிடும். பாடத்துக்கு முந்தின வாரம் விலைப் பக்கத்தைத் திறந்து, பங்கேற்பாளர் எண்ணிக்கையை உங்கள் வகுப்பின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலவச முன்னோட்டத்துக்கு வங்கி அட்டை எண் கேட்டால் மூடிவிடுங்கள். முன்னோட்டம் முடிந்ததும் தானாகவே பணம் போகும், அதைத் திரும்ப வாங்க நீங்கள் எழுதும் மின்னஞ்சல்களுக்குக் கணக்கு இருக்காது.

டேட்டா இன்னொரு ஓட்டை. நாற்பது பேர் ஒரே வீடியோவைத் தனித்தனியாகப் பார்த்தால் நாற்பது மடங்கு. ஒரு முறை இறக்கி, ப்ரொஜெக்டரில் எல்லோருக்கும் போடுங்கள். வீட்டில் பார்க்கச் சொல்வதானால் சிறியதாக இருக்கட்டும். ஆன்லைன் படிப்புகள் தரும் எட்எக்ஸ் தளத்தின் பாட வீடியோக்களைப் பார்த்தவர்களை வைத்து 2014இல் வெளியான ஆய்வொன்றில், 6 நிமிடத்துக்குள் இருந்தவற்றில்தான் கவனம் நிலைத்திருந்தது. நான் 4 நிமிடத்தைத் தாண்டுவதில்லை.

பணமாகச் செலவானவை என்று பார்த்தால்: படிவங்களும் அட்டைகளும் அச்செடுத்தது, ஒரு நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ப்ரொஜெக்டர் கேபிளுக்கு ஓர் அடாப்டர். அடாப்டரை இரவல் வாங்காதீர்கள். வேண்டிய நாளில் அது வேறு யாரிடமாவது இருக்கும்.

நிஜமான செலவு உங்கள் நேரம். என் முதல் பாடத்தைத் தயாரிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. ஐந்தாவது பாடத்துக்கு ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. அதனால் ஒரு பருவத்துக்கு மூன்று பாடத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

5. ஒரே ஒரு கருவியோடு தொடங்குங்கள்

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது பிளிக்கர்ஸ். பிள்ளைகளிடம் போனே வேண்டாம். ஆளுக்கொரு அச்சடித்த அட்டை; அட்டையில் கட்டம் கட்டமாக ஒரு வடிவம், அதற்கு ஓர் எண். நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். பிள்ளை தன் பதிலுக்குரிய எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்கும். நீங்கள் உங்கள் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒரு வீச்சு வீசினால், யார் என்ன சொன்னார்கள் என்று பதிவாகிவிடும். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்து ஆளின் பதிலைப் பார்த்துத் திருப்புவது கஷ்டம். இணையம் உங்கள் ஒரு போனுக்கும் திரையில் காட்டும் கணினிக்கும் இருந்தால் போதும். வழக்கமான தொகுப்பில் 40 அட்டை. வகுப்பு பெரிதென்றால் 63 அட்டை உள்ள தொகுப்பும் இருக்கிறது. பளபளக்கும் லேமினேஷன் போடாதீர்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கேமரா தடுமாறும். நான் எல்லா அட்டையையும் லேமினேட் செய்து, பிறகு திரும்ப அச்சடித்தவள்.

இரண்டாவது கட்டத்தில் கஹூட் போன்ற போட்டி வினாக்கள். பிள்ளைகளுக்குக் கணக்கு வேண்டாம், திரையில் வரும் எண்ணைத் தட்டி உள்ளே வரலாம். வகுப்பே அதிரும். அதுதான் பொறியும்கூட. வேகத்துக்கு மதிப்பெண் உண்டு என்பதால், கேள்வியைப் படிக்காமலே நிறத்தைத் தட்டுகிற ஒரு கூட்டம் உருவாகும். என் வகுப்பில் ஒருவன் சிவப்பையே பத்து முறை தட்டி நடுவரிசை இடம் பிடித்தான். யோசிக்க வேண்டிய கேள்விக்கு நேரத்தைக் கூட்டுங்கள், அந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணையும் எடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் அமைப்பில் வழி இருக்கிறது. பட்டப்பெயரில் நுழைந்து ஆசிரியரைக் கிண்டல் செய்வதும் நடக்கும். பெயரைத் தானாக உருவாக்கும் வசதியை இயக்கிவிட்டால் தீர்ந்தது.

மூன்றாவது, பாவனைகள், அதாவது சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் சிமுலேஷன்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் இயற்பியல், வேதியியல், கணிதத்துக்கு நூற்றுக்கு மேல் இருக்கின்றன. இலவசம், கணக்கு வேண்டாம். முக்கியமாக, புதிய பாவனைகளை ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு இணையமே இல்லாமல் ஓட்டலாம். கணிதத்துக்கு, வடிவங்களையும் வரைபடங்களையும் வரைந்து அசைத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ராவையும் பாருங்கள்.

மூன்றையும் ஒரே மாதத்தில் இறக்காதீர்கள்.

6. முதல் பாடத்தை நிமிடக் கணக்கில் எழுதுங்கள்

எனக்கு நன்றாக அமைந்த ஒரு பாடத்தை அப்படியே தருகிறேன். தலைப்பு: தொடர் இணைப்பில் இரண்டு பல்புகள். பிள்ளைகள் மனதில் ஒரு பிடிவாதமான எண்ணம் இருக்கும்: முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் "தின்றுவிடும்", மிச்சம்தான் அடுத்ததுக்கு.

முதல் 5 நிமிடம் பலகையில் படம், ஒரே ஒரு கேள்வி: ஒரே மாதிரியான இரண்டு பல்பில் எது பிரகாசமாக எரியும்? யாரும் பேசக் கூடாது. அடுத்த 3 நிமிடத்தில் அட்டையால் முதல் வாக்கு. பலன் எனக்கு மட்டும் தெரிய வேண்டும், அதனால் திரையை அணைத்துவிடுவேன்.

இங்கே ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் வகுத்த ஒரு முறையைப் பின்பற்றுகிறேன். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பாடத்தையே திரும்ப எடுக்க வேண்டும். 70க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். நடுவில் விழுந்தால் அதுதான் யோகம்: பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க விட்டு மறுபடி வாக்கெடுக்க வேண்டும். அன்று நடுவில் விழுந்தது. 5 நிமிடம் பேச விட்டேன், 2 நிமிடம் இரண்டாவது வாக்கு.

15ஆவது நிமிடத்திலிருந்து 30 வரை நால்வர் குழுக்கள், குழுவுக்கு ஒரே போன். ஃபெட்டின் மின்சுற்றுப் பாவனையில் அதே சுற்றைக் கட்டினார்கள். எலெக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஊர்ந்து போகும். பல்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே வேகம், எங்கும் குறையவில்லை. ஒரு குழு அம்மீட்டரை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்து, மூன்றும் ஒரே எண் என்று கத்தியது.

30ஆவது நிமிடத்தில் போன்களைக் கவிழ்க்கச் சொல்லிவிட்டு, நிஜமான பேட்டரியும் இரண்டு டார்ச் பல்பும் வைத்தேன். சோதனைக்கு வந்த சோதனை: இடது பல்பு கொஞ்சம் கூடுதலாக எரிந்தது. "பாத்தீங்களா டீச்சர், நான் அப்பவே சொன்னேன்ல!" என்று ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது வரிசையில் அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் மெதுவாக வந்து, பல்புகளை இடம் மாற்றி மாட்டினாள். இப்போது வலது பல்பு பிரகாசமாக எரிந்தது. அதாவது அந்தப் பிரகாசம் பல்போடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. இடத்தினால் வந்ததில்லை, இரண்டு பல்பும் கடையிலிருந்து வரும்போதே துல்லியமாக ஒன்று போல இல்லை. திரையில் எல்லாப் பல்பும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். நிஜத்தையும் பக்கத்தில் வைக்காமல் பாவனையை மட்டும் காட்டியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

கடைசி 7 நிமிடம் ஒரு துண்டுத் தாள்: இன்று எந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டாய், ஏன்?

7. போன் கையில் இருக்கும்போது வகுப்பை நடத்துவது

"போனைப் பையில் வை" என்றால் பாதி வைப்பார்கள். "போனைக் கவிழ்த்து மேசையின் வலது மூலையில் வை" என்று சொல்லுங்கள். ஒரு பார்வையில் எண்ணிவிடலாம். பாடத்தில் போன் வெளியே இருக்கும் நேரத்தைப் பலகையில் எழுதிவிடுங்கள்: 15லிருந்து 30 வரை. அதற்கு வெளியே யாருக்கும் பேச்சில்லை.

பின்னாலிருந்து நடங்கள். முன்னால் நின்றால் உங்களுக்குப் போன்களின் முதுகுதான் தெரியும்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், பாதிப்பு வேடிக்கை பார்க்கிற பிள்ளையோடு நிற்பதில்லை. கனடிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு சோதனையில், வகுப்பு நேரத்தில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. அவர்கள் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்திருந்தவர்களுக்கும் குறைந்தது.

1ஆம் படியில் பிடித்த உதவியாளர்களுக்கு இப்போது வேலை கொடுங்கள். ஒருவர் ப்ரொஜெக்டர், ஒருவர் வைஃபை, ஒருவர் "எனக்கு வேலை செய்யலை" என்று கை தூக்குகிறவர்களிடம் போக. நீங்கள் பாடத்தைப் பார்க்கலாம். இதற்குச் சுட்டிப் பயல்களையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கட்சி. பொறுப்புக் கொடுத்தால் குறும்புக்கு நேரம் கிடைக்காது.

8. போன் இல்லாத பிள்ளை

குழுவுக்கு ஒரு போன் என்று நான் வைத்ததே இதற்காகத்தான். ஆளுக்கொரு போன் என்று வைத்த வகுப்பில் ஒரு பெண், பக்கத்துப் பிள்ளைக்குச் சார்ஜர் பிடித்துக்கொண்டே பாடம் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். அதை நான் கவனித்ததே மணி அடித்தபிறகுதான்.

குழுவில் நான்கு வேலை பிரியுங்கள்: போனை இயக்குபவர், எழுதுபவர், கேள்வி கேட்பவர், முடிவைச் சொல்பவர். ஒவ்வொரு பாடத்திலும் வேலை சுற்றிவர வேண்டும். போனின் சொந்தக்காரருக்கு முதல் தடவை இயக்கும் வேலை கொடுக்காதீர்கள். முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். போன் மாடல்களைப் பற்றி ஒப்பீடு எழுந்தால் அங்கேயே வெட்டிவிடுங்கள்.

9. வீட்டுப்பாடமும் சாட்பாட்டும்

கேட்டதை எழுதித் தரும் சாட்பாட்டான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து "இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வா" என்ற வீட்டுப்பாடம் செத்துவிட்டது. சாட்பாட் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டது. தானே எழுதிய பெண்ணைச் சந்தேகப்பட்டு நான் கேட்ட கேள்விக்கு அவள் அழுதது இன்னும் எனக்கு உறுத்தல்தான்.

பதிலாக இரண்டு வழி எனக்கு நடைமுறையில் வேலை செய்கிறது. ஒன்று, சாட்பாட்டின் பதிலை நானே அச்சடித்துக் கொண்டுவந்து, "இதற்கு நீங்கள் ஆசிரியர், சிவப்பு மை எடுங்கள்" என்று கொடுப்பது. தப்பு கண்டுபிடிக்கிற வேலை என்றால் பிள்ளைகளுக்குப் பசி தாகமே தெரியாது. இரண்டு, கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்வது. அதில் பதிப்பு வரலாறு என்று ஒன்று உண்டு, எந்த நாளில் எவ்வளவு எழுதினார்கள் என்று அங்கே தெரியும். அதைப் பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்; மதிப்பெண்ணில் பாதி அந்தத் திருத்தங்களுக்கே. சாட்ஜிபிடியை அவர்களே பயன்படுத்துவதென்றால் 13 வயது முடிந்திருக்க வேண்டும், 18க்குள் என்றால் பெற்றோர் அனுமதியும் வேண்டும் என்று அதன் விதிகளே சொல்கின்றன. ஒப்புதல் படிவத்தில் அதற்கொரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

10. இணையம் போகும், மின்சாரம் போகும்

போகாது என்று நினைக்காதீர்கள். வீடியோவும் பாவனையும் பென்டிரைவில். கேள்விகள் ஒரு தாளில். நான்கு நிற அட்டைகள் ஒரு கட்டு, பிளிக்கர்ஸ் ஓடாத நாளில் நிறத்தைத் தூக்கிக் காட்டலாம். முந்தின நாள் மாலை அதே அறையில், அதே வைஃபையில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஆசிரியர் அறையில் சரியாக ஓடியது வகுப்பறையில் ஓடும் என்று அர்த்தமில்லை. 5 நிமிடத்தில் சரியாகாத கோளாறு எதுவானாலும் விட்டுவிட்டுத் தாளுக்கு மாறுங்கள். முதல் நாள் நான் அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

11. ஆண்டு முடிவில் செய்ய வேண்டியவை (ஒரு மாலை நேரம்)

பிள்ளைகள் பெயரில் திறந்த கணக்குகளையும் உங்கள் வகுப்புப் பட்டியல்களையும் நீக்குங்கள். நீக்குவதற்கு முன்னால் உங்கள் கேள்வித் தொகுப்புகளை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சேவைகள் பெயர் மாறும், விலை மாறும், மூடியும் போகும். உங்கள் போனில் தங்கிவிட்ட மாணவர் படங்களை அழியுங்கள், தானாக நகலெடுக்கும் ஆன்லைன் ஆல்பத்திலும் சேர்த்து. சோதனைக்காகச் சேர்ந்த கட்டணத் திட்டம் எதுவும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒப்புதல் படிவங்களைப் பள்ளி சொல்லும் காலம் வரை வைத்திருக்க அலுவலகத்தில் ஒப்படையுங்கள், அடுத்த ஆண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும்; பழைய கையெழுத்து செல்லாது. கடைசி 7 நிமிடத் துண்டுத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த வருடம் எந்தப் பாடத்துக்குப் போன் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று முடிவு செய்ய நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தக் கட்டைத்தான்.